மொட்டைமாடிப் பந்தி: தொடர்மாடியில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடலாமா?

2024 பெப்ரவரி 18

ஒரு வாசகியின் கேள்வி: தெஹிவளையில் 14 வீடுகள் உள்ள தொடர்மாடியில் இருக்கிறோம். கிழமையில் ஒரு நாளாவது எல்லோரும் சேர்ந்து சமைத்து ஒன்றாக இருந்து சாப்பிட்டால் என்ன என்று நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கதைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "மூன்று மாதம் தாண்டாது, கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போவீர்கள்" என்கிறார். வெளிநாட்டில் இதற்கென்றே கூட்டுக் குடியிருப்புகள் இருக்கின்றனவாம். எங்கள் ஆட்களுக்கு இது சரிவருமா? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

2024 பெப்ரவரி 19

சரிவரும். எங்கள் கட்டடம் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில். 16 வீடுகளில் 8 வீடுகள் சேர்ந்து இரண்டு வருடமாகச் செய்கிறோம். செவ்வாய் இரவு, வெள்ளி இரவு. குழந்தைகளோடு 27 பேர்.

திட்டம் போட்டுத் தொடங்கியது அல்ல. 2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸ் கிடைக்கவில்லை. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்சார அடுப்பு வாங்கி வைத்தவர்களும் பட்டினி. வீட்டுக்குள் விறகு மூட்ட வழியில்லை. மூன்றாம் மாடி அண்ணை மொட்டைமாடியில் கிடந்த கற்களில் மூன்றை எடுத்து வைத்து அடுப்பு மூட்டினார். முதல் மூன்று நாள் அவரவர் பானையைத் தூக்கிக்கொண்டு போய் முறைக்குக் காத்திருந்தோம். நாலாம் நாள் ஒரு அன்ரி, "எட்டுப் பானைக்கு எட்டுத் தரம் விறகு எரிப்பதற்கு ஒரு பெரிய பானை வைத்தால் என்ன?" என்று கேட்டார். அன்றைக்கு வைத்த பானைதான். சோறு, பருப்பு, கீரை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு தேங்காயை உடைத்தால் சொதிக்கும் சம்பலுக்கும் பிரித்து எடுத்த காலம் அது.

காஸ் திரும்பி வந்ததும் இது நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஒருவரும் சமைக்கவும் இல்லை. இரவு எட்டு மணிக்கு இரண்டாம் மாடிப் பையன் கையில் கோப்பையோடு மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்கள் கதவைத் தட்டினான். "ஏன் அன்ரி இண்டைக்கு ஒருத்தரும் இல்லை?" அந்த வெள்ளி மறுபடியும் உலை ஏறியது.

2024 பெப்ரவரி 19, இரவு

இரண்டு வருடம் என்று எழுதிவிட்டேன். கணக்குக் கொப்பியை எடுத்துப் பார்த்தால் முதல் வரி 2022 ஏப்ரல். இன்னும் இரண்டு வருடம் நிறையவில்லை.

2024 பெப்ரவரி 24

"இது வெள்ளைக்காரர் பாஷன்" என்று ஒருவரும், "எங்கள் அன்னதானம்தானே" என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுக் கதை டென்மார்க்கில் தொடங்குகிறது. யான் குட்மன்-ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் 1964இலேயே நண்பர்களோடு இருந்து இதைப் பேசத் தொடங்கியிருக்கிறார். 1967இல் போதில் க்ரே என்ற பெண், ஒவ்வொரு பிள்ளைக்கும் நூறு பெற்றோர் இருக்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். சாட்டெடாமென் என்ற முதல் குடியிருப்பு 1972இல் வந்தது, 27 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக் குசினி உண்டு, அதோடு எல்லோருக்கும் பொதுவாக ஒரு வீடு, அதில் பெரிய குசினி, பெரிய மேசை. முறை வைத்துச் சமைக்கிறார்கள். வேலையால் களைத்து வருகிறவருக்கு அன்றைக்குச் சமையல் இல்லை, பிள்ளைகள் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். காரணம் அவ்வளவுதான். கொழும்பில் ஆறு மணிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வருகிறவருக்கு இதில் பாஷன் என்ன இருக்கிறது?

அன்னதானத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அங்கே கொடுப்பவர் வேறு, வாங்குபவர் வேறு. வாங்குபவருக்குப் பசி ஆறும், கொடுப்பவருக்குப் புண்ணியம். மொட்டைமாடியில் அந்தப் பிரிவு இல்லை. இன்றைக்கு இருந்து சாப்பிடுகிறவர் வருகிற கிழமை தேங்காய் துருவுவார். எல்லோரும் எல்லோருக்கும் ஒரு முறை சமைக்கக் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடன் சுற்றிக்கொண்டிருக்கும் வரைக்கும் எங்கள் பந்தியும் ஓடும் என்று நான் நம்புகிறேன்.

2024 மார்ச் 2

கணக்குக் கேட்டவர்களுக்கு. 8 வீடுகள், இரண்டு வீடு சேர்ந்து ஒரு முறை. கிழமைக்கு இரண்டு சாப்பாடு என்றால் ஒரு வீட்டுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு தரம்தான் முறை வரும். 27 பேருக்கு 3 கிலோ அரிசி (நாங்கள் நாட்டரிசி), ஒன்றேகால் கிலோ பருப்பு, ஐந்து தேங்காய், இரண்டு மரக்கறி, ஒரு வறை, அப்பளம். தலைக்கு 250 ரூபாய், பத்து வயதுக்குக் கீழே பாதி. காசு மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவோம். சாப்பாட்டு மேசையில் காசை எடுத்தால் அது கடை மாதிரி ஆகிவிடும். வருவதும் வராததும் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும். வராவிட்டால் ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. ஆனால் உங்கள் முறைக்கு நீங்கள் நிற்க வேண்டும். முடியாவிட்டால் மாற்றாளை நீங்களே பிடித்துத் தர வேண்டும். தெஹிவளைத் தங்கச்சி, இந்த ஒன்றையாவது முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன மூன்றாவது மாதம் எங்களுக்கும் வந்தது. ஒரு வீட்டின் முறையன்று உலை வைக்க ஆளில்லை, 27 பேர் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு எழுதி ஒட்டியதுதான் இது.

2024 மார்ச் 9

மச்சம், அதாவது மீன், இறைச்சி பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். செவ்வாயும் வெள்ளியும் எங்களில் பலர் மச்சம் தொடாத நாட்கள், அதனால்தான் அந்த இரண்டு நாளையும் எடுத்தோம். முட்டைகூட இல்லை. முதலாம் மாடி முஸ்லிம் குடும்பத்துக்கும் அதனால் ஹலால் பற்றிய யோசனை இல்லாமல் போனது. ஆனால் மரக்கறி என்று சொன்னால் மட்டும் போதாது என்பதை ஒரு சம்பலில் கற்றோம்.

எங்களோடு ஒரு சிங்களக் குடும்பமும் இருக்கிறது. அவர்களுடைய முதல் முறையில் அந்த அக்கா அருமையாக ஒரு சம்பல் இடித்தார். பிறந்ததிலிருந்து மச்சம் வாயில் வைக்காத நாலாம் மாடி அம்மா ஒருவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம்தான் பேச்சுவாக்கில் தெரிந்தது, அதில் மாசிக்கருவாடு. பல சிங்கள வீடுகளில் மாசியை மீனாகவே நினைப்பதில்லை, உப்புப் புளி மாதிரி ஒரு சுவைக்குப் போடும் சாமான். அந்த அக்காவுக்குக் கண்கலங்கிவிட்டது. அம்மாவோ எழும்பிப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, அவர் பக்கத்திலேயே திரும்பவும் இருந்தார். ஒரு சொல் சொல்லவில்லை. அந்த இருப்பை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த கிழமையிலிருந்து சமைக்கிறவர்கள் போட்ட சாமான் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிப் பானைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். தமிழிலும் சிங்களத்திலும். பெருங்காயம் வரைக்கும். பொதுச் சட்டி, தாச்சி, அகப்பை எதிலும் மச்சம் படாது.

2024 மார்ச் 16

மார்ச் 2இல் எழுதிய கணக்கைத் திருத்துகிறேன். வீட்டுக்கு ஒரு முறை என்பது நாங்கள் முதல் வருடம் வைத்திருந்த முறை, அது பிழையான முறை. வீட்டு முறை என்றால் அந்த வீட்டுப் பெண்ணின் முறை என்று அர்த்தமாகிவிடுகிறது. ஆண்கள் மேசை தூக்கினார்கள், அரிசி மூட்டை தூக்கினார்கள், கணக்கு எழுதினார்கள். அடுப்பில் எட்டுப் பெண்கள். வேலைக்குப் போய்வந்து நாலு பேருக்குச் சமைத்தவள் இப்போது 27 பேருக்குச் சமைக்கிறாள் என்றால் இதில் அவளுக்கு என்ன லாபம்?

இதை முதலில் கேட்டது நான் இல்லை. க.பொ.த. உயர்தரம் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதில ஏன் மாமாக்களின்ர பேர் இல்லை?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். இப்போது ஆள் கணக்கு. பெரியவர்கள் 16 பேர், இரண்டு இரண்டு பேராக எட்டுச் சோடி, ஒரே வீட்டார் ஒரே சோடியில் வரமாட்டார்கள். ஆளுக்கு நாலு கிழமைக்கு ஒரு தரம்தான் முறை. வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் வாழ்க்கையில் முதல் தடவையாக உலை வைத்தார். சோறு குழைந்துவிட்டது. எல்லோரும் சாப்பிட்டோம். அன்றைய சமையலின் சுவையைப் பற்றி அன்றிரவு ஒருவரும் வாய் திறப்பதில்லை, நல்லது என்றும் சொல்வதில்லை. "அருமை" என்று ஒருவருக்குச் சொன்னால் அடுத்த முறைக்காரருக்குப் பயம் பிடித்துவிடும். மூன்று கறி ஐந்து கறியாகும். அந்த ஐயா இப்போது வைக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்காகவே அவர் முறையைப் பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு அது தெரியாது.

2024 மார்ச் 20

நோன்பு காலம். எங்கள் நேரம் வழக்கமாக ஏழரை. நேற்று ஆறேகாலுக்கே பாய் விரித்துவிட்டோம், முதலாம் மாடி ராத்தா வீட்டார் மேலே வந்து நோன்பு திறக்கட்டும் என்று. அவர் ஒரு பெரிய குண்டான் நிறையக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார், எங்களுக்காக இறைச்சி போடாமல், தேங்காய்ப்பாலும் இஞ்சியும் ரம்பை இலையும் போட்டு. பாங்கு சொல்லும் வரைக்கும் பசியோடு கோப்பையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருவரும் அவர்களைக் காத்திருக்கச் சொல்லவில்லை.

2024 ஏப்ரல் 6

தெஹிவளையிலிருந்து அடுத்த கேள்வி: மேலே வர நேரமில்லாதவர்கள் சாப்பாட்டைக் கரியரில் எடுத்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். சென்ற வருடம் நாங்கள் அனுமதித்தோம். முதலில் இரண்டு கரியர், பிறகு ஐந்து, பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பாயில் நாங்கள் ஒன்பது பேர்தான். மற்றவர்கள் லிப்டில் வந்து, நிரப்பி, போய்விட்டார்கள். சமைத்த சோடியில் ஒருவர், "நான் இப்ப சாப்பாட்டுக் கடை நடத்துறன்" என்று கொப்பியை மூடி வைத்துவிட்டார். ஸ்டொக்ஹோமில் 1935இல் கட்டிய ஒரு கூட்டு வீட்டில், கீழ்த்தளக் குசினியிலிருந்து சின்ன லிப்டில் சாப்பாடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறிப் போனது. கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்கேலியஸ் வடிவமைத்தார், சமூகவியலாளர் ஆல்வா மிர்டால் யோசனையில் பங்கெடுத்தார். அங்கே சமைத்தவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். எங்கள் சமையலுக்குச் சம்பளம் இல்லை. பக்கத்தில் இருந்து சாப்பிடும் ஆள்தான் சம்பளம். ஆளே வராமல் கரியர் மட்டும் வந்தால்?

2024 ஏப்ரல் 8

முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். நித்திரை வரவில்லை.

நாலாம் மாடி அம்மா, மாசிச் சம்பல் அம்மாதான், பங்குனி முழுக்க மேலே வரவில்லை. லிப்ட் பழுது. முழங்கால் வலி. கரியர் இல்லை என்ற விதியை நான் ஒட்டியிருந்ததால் அவர் கேட்கவும் இல்லை. மூன்று கிழமை செவ்வாயும் வெள்ளியும் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். இது எனக்கு நேற்றுத்தான் தெரிய வந்தது. கைக்குழந்தையோடு இருக்கும் தங்கச்சியும் அப்படித்தான். அந்த ஸ்டொக்ஹோம் வீட்டையும் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். வேலைக்குப் போகும் பெண்களின் தோளில் இருந்து சமையலை இறக்கத்தான் அந்த லிப்ட்.

இன்று மாற்றினோம். சாப்பாடு கீழே போகும், ஆனால் தனியே போகாது. ஒரு ஆள் தன் கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டிலேயே இருந்து சாப்பிட்டுவிட்டு வரும். முறை வைத்தோம். பிள்ளைகள்தான் முதலில் பெயர் கொடுத்தார்கள், அம்மாவிடம் கதை கேட்கலாம் என்று. அம்மாவும் சும்மா இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்: கீரையை முதல் நாள் அவர் வீட்டுக்கு அனுப்பினால் ஆய்ந்து தருவாராம். பொன்னாங்காணியைத் தண்டில்லாமல் அவர் மாதிரி ஆய ஆளில்லை. அவர் பெயரும் அட்டவணையில் ஏறியது.

2024 ஏப்ரல் 27

ஒருவர் கேட்டிருக்கிறார்: "யார் யார் சமைக்கிறார்கள் என்று நீங்கள் பார்ப்பதில்லையா?" அவர் எதைக் கேட்கிறார் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் விளங்கும். ஒளிக்காமல் எழுதுகிறேன்: சாதி.

எங்கள் அம்மம்மா வீட்டில் கிணற்றடிப் பத்தியில் ஒரு சிரட்டை தொங்கும். வேலி அடைக்க வருகிறவருக்குத் தேத்தண்ணி அதில். நான் மண்சோறு காய்ச்சி விளையாட அதை எடுத்ததற்கு அடி வாங்கினேன். ஏன் அடித்தார்கள் என்று விளங்குவதற்குப் பத்து வருடம் ஆனது. விளங்கிய நாள் முதல் அந்தச் சிரட்டை என் கண்ணை விட்டுப் போகவில்லை. மாணவர் காங்கிரஸாக 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் சாதிக்கு எதிராக நின்றது. பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும், ஒன்றாகச் சாப்பிட வேண்டும், சம ஆசனம், சம போசனம் என்று கேட்ட காலம். அது பிடிக்காமல் பாடசாலைகளுக்கு நெருப்பு வைத்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். நூறு வருடம் ஆகப் போகிறது.

எங்கள் மொட்டைமாடியில் யாரும் நெருப்பு வைக்கவில்லை. சமையலுக்கு ஒரு புதுச் சோடி சேர்ந்தபோது, "நீங்கள் ஊரில எவடம்?" என்று ஒருவர் கேட்டார். இடத்தைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். பதில் வந்தது. அந்த இரண்டு பேரின் முறை வந்த வெள்ளி, கேட்டவர் வீட்டில் வயிற்றுக்குச் சரியில்லை. அடுத்த முறையும் சரியில்லை. மூன்றாம் தரம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வராததற்குக் காரணம் கேட்கக் கூடாது என்று விதி போட்ட நானே அன்று அவர் கதவைத் தட்டப் போய், தட்டாமல் திரும்பி வந்தேன். தட்டியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நாலாம் தரம் அவருடைய மனைவி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சமைத்த அக்காவின் கையால் வாங்கிச் சாப்பிட்டார், பானையும் கழுவினார். ஊர் கேட்டவர் இன்னும் வரவில்லை. ஊர் கேட்கக் கூடாது என்று எழுதி ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார். எழுதி ஒட்டினால், புதிதாக வருகிறவர் முதல் படிப்பதே அதுவாக இருக்கும். ஒட்டவில்லை.

2024 மே 24

நேற்று வெசாக். பாணந்துறையிலிருந்து வந்த உறவினர்கள் வழியில் நாலு தன்சலில் (வெசாக்குக்குத் தெருவில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல்) சாப்பிட்டுவிட்டு வந்தார்கள், இரவு எங்களோடு சாப்பிட வயிற்றில் இடமில்லை. தன்சல் வைப்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிவது போல நாங்களும் பதிய வேண்டுமா என்று ஒரு கேள்வி. நாங்கள் தெருவுக்குக் கொடுப்பதில்லை, எங்களுக்குள்தான். ஆனாலும் சுத்தத்தில் அதே கவனம் வேண்டும். தேங்காய்ப்பால் விட்ட கறியையும் வடித்த சோற்றையும் இந்த வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை. நாலு மணிக்கே சமைத்து மூடிவைத்த ஒரு நாள் சொதி திரைந்து, ஐந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். அதற்குப் பிறகு ஆறு மணிக்கு முன்னால் பால் பிழிவதில்லை.

மொட்டைமாடிக்கு அனுமதி: 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் எங்களுக்கு ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. மொட்டைமாடி எல்லோருக்கும் பொது, சேராத 8 வீட்டாருக்கும் உரிமை உண்டு. காய வைத்த உடுப்பில் புகை மணக்கிறது என்று அவர்கள் சொன்னது நியாயம். விறகை விட்டுவிட்டு இரண்டு காஸ் அடுப்புக்கு மாறினோம். மழை தொடங்கிவிட்டது, தறப்பாள் கட்ட வேண்டும்.

2024 ஜூன் 11

இரண்டு வீடுகள் விலகிவிட்டன. ஒன்று கனடாவுக்கு. மற்றது இரவு வேலை மாறியதால். கோபம் இல்லை, பிள்ளையை மட்டும் அனுப்புகிறார்கள். எட்டுச் சோடி ஆறாகியது. மூன்று கிழமைக்கு ஒரு முறை என்றால் பலருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. செவ்வாயை விடலாமா என்று வாக்கெடுத்தோம். விடவேண்டாம் என்றவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள், அவர்களுக்கும் வாக்கு உண்டு.

2024 ஜூலை 14

தெஹிவளைத் தங்கச்சி எழுதியிருக்கிறார்: ஆறு வீடுகள், முதல் சாப்பாடு முடிந்ததாம். சோறு, போஞ்சிக் கறி, கோவா வறை. வீட்டுக்காரர்தான் தேங்காய் துருவினாராம். நான் இந்தச் செய்தியை எங்கள் குழுவில் போட்டேன், நாலாம் மாடி அம்மா உட்பட எல்லோரும் வாசித்துவிட்டார்கள்.

தங்கச்சி, இந்தக் கிழமை ஆடிப்பிறப்பு. செவ்வாய் இரவு சோறு இல்லை, கூழும் கொழுக்கட்டையும். பயறு வறுத்தாகிவிட்டது, பனங்கட்டி ஊரிலிருந்து வந்துவிட்டது, தேங்காய்ச் சொட்டு வெட்டுவது கத்தரிக்காய் ஐயாவின் பொறுப்பு. உங்கள் ஆறு வீட்டாரும் வாருங்கள். கூழைக் கோப்பையில் குடிக்க அம்மா விடமாட்டார், பலா இலை கோலித்தான் குடிக்க வேண்டுமாம். ஐம்பது இலையாவது வேண்டும், வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்து ஒரு பலா மரமும் இல்லை. உங்கள் பக்கத்தில் எங்காவது மரம் இருந்தால் கேட்டுப் பறித்துக்கொண்டு வாருங்கள். ஈர்க்கு எங்களிடம் இருக்கிறது.